அந்தக் கறுப்புப் பியருக்குள் என்ன போட்டீர்கள், மச்சாள்?

என் அன்பு வசந்தி மச்சாள்,

நீங்கள் எங்களை விட்டுப் போய்ப் பத்து மாதமாகிறது. உங்கள் தம்பி சுகம், எங்கள் பிள்ளைகளும் சுகம். நான்தான் ஒரு வேலையைத் தொடங்கிவிட்டு முடிக்க முடியாமல் நிற்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எல்லிங்ஸ்ருட்டில் உங்கள் வீட்டை ஒப்படைக்கப் போன அன்று, குளியலறையின் சூடான தரையில் அந்தப் பிளாஸ்ரிக் வாளி மூடியபடி நின்றது. உள்ளே ஸ்டவுட். பேக்கரி வேலை முடிந்து வந்து நீங்கள் வீட்டிலேயே காய்ச்சிப் புளிக்கவைக்கிற கறுப்புப் பியர். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் கடைசியாக வைத்தது.

"ஊத்திவிடுவம் சாந்தி. ஆர் இனி இதைக் குடிக்கிறது?" என்றார் உங்கள் தம்பி.

"ஊத்தாதேங்கோ. நான் கொண்டு போறன்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்காமல் என்ன செய்வார்? ரொம்மனில் எங்கள் வீடு வரைக்கும் வாளியைக் கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்தபடி காரில் வந்தேன்.

மகளின் பிறந்தநாள் உங்களுக்கு நினைவிருக்கும். ஆறு போத்தல் கொண்டு வந்தீர்கள். "இதுக்குள்ள என்ன போட்டிருக்கிறன் எண்டு சொல்லு பாப்பம்" என்று ஆசையாக ஒரு கிளாசை நீட்டினீர்கள். நான் உதட்டை மட்டும் நனைத்துவிட்டு, எல்லார் முன்னாலும், "மச்சாள், இது பியரோ ரசமோ?" என்றேன். வீடே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். அதன்பிறகு ஒருநாளும் எங்கள் வீட்டுக்குப் போத்தல் வரவில்லை. நானும் கேட்கவில்லை. ஏன் கேட்காமல் விட்டேன்?

வாளியில் இருந்தது வெறும் ஸ்டவுட். வாசனைச் சாமான்களை நீங்கள் கடைசியில்தான் போடுவீர்களாம். உங்களோடு பேக்கரியில் வேலை செய்த மாரித் சொன்னார். அளவு கேட்டேன். நீங்கள் ஒன்றையும் எழுதி வைப்பதில்லை, நாக்கை நம்பித்தான் எல்லாம் என்றார். சாமானை வொட்காவில் ஊறவைத்து, ஒரு கிளாஸ் பியரில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கும்படி அவர்தான் சொல்லித் தந்தார். வாளியில் இருந்ததைப் போத்தல்களில் அடைத்துவிட்டு, சனிக்கிழமைதோறும் ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

மிளகு தொண்டையை எரித்தது. சீரகம் வியர்வை போல நாறியது. ஏலக்காய் கூடிப்போய்ச் சவர்க்காரம் ஆனது. வறுத்த மல்லியில்தான் முதல்முறையாக அந்தப் பிறந்தநாள் வாசனை வந்தது. ஆனாலும் ஏதோ குறைந்தது.

"அக்கா தோடம்பழத் தோலை ஹீட்டரில காயவைப்பாவே, அது இதுக்கோ?" என்றார் உங்கள் தம்பி, தற்செயலாக. அன்றே ஆறு தோடம்பழம் உரித்தேன்.

போன மாதம் சொந்தக்காரர் வந்தபோது, மல்லியும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்த பியரை எல்லாருக்கும் ஊற்றினேன். "வசந்தி மச்சாளின்ர பியரை நான் ஒழுங்காக் குடிச்சுப் பாக்காமலே பகிடி பண்ணினனான். அது பிழை. இண்டைக்கு நீங்கள் குடிச்சுப் பாருங்கோ" என்றேன். சின்னமாமி கிளாசைத் தள்ளி வைத்தார். உங்கள் தம்பி கடைசிவரை குடித்தார்.

"நல்லாயிருக்கு. ஆனா, அக்காவின்ரயில ஒரு உறைப்பு இருந்தது."

சின்னமாமி வீட்டுக்குப் போய் என்ன கதைத்திருப்பாரோ, தெரியாது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. இனித் தேட வேண்டியது ஒன்றே ஒன்றுதானே, மச்சாள்! காய்ந்த இஞ்சியாக இருக்கலாம். ஊரில் சண்டை நின்றிருந்த அந்த வருடம் போய்வந்தபோது ஒரு பை நிறைய வேர்க்கொம்பு கொண்டு வந்தீர்களே, அதுவா? நேற்றுக் கொஞ்ச வேர்க்கொம்பை இடித்து வொட்காவில் ஊறப்போட்டிருக்கிறேன்.

ஏழு போத்தல் மிச்சம் இருக்கிறது. அதற்குள் சரிவராவிட்டால் நானே புதிதாகக் காய்ச்சுவேன். பக்கத்தில் நிற்பதாக மாரித் சொல்லியிருக்கிறார். உங்கள் தம்பி ஒரு மிடறு குடித்துவிட்டு "இது அக்காவின்ரதான்" என்று சொல்லும்வரை நான் விடப்போவதில்லை. இது சத்தியம்.

உங்கள் மச்சாள்,
சாந்தி
ரொம்மன், ஒஸ்லோ