சவரக் கண்ணாடி

ஜூன் 3, செவ்வாய்

பேத்தியின் பள்ளியில் போர்க்காலப் பாடம். குண்டுவீச்சுக்கு அஞ்சி நகரத்துப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அயலூர் வீடுகளுக்கு அனுப்பியதை மாணவர்கள் நடித்துக் கற்கின்றனர். அந்நாளைக் கண்டவன் என்று ஆசிரியை என்னை அழைத்திருந்தார். கழுத்தில் பெயர் அட்டையும் கையில் பெட்டியுமாக எங்கள் வீட்டுக்கு வந்த ஏழு வயதுச் சிறுமியைப் பற்றிச் சொன்னேன். "போர் முடியும்வரை எங்களோடு இருந்தாள். என் போர்வையை அவளுக்கே கொடுத்துவிட்டேன்" என்றேன். பிள்ளைகள் கைதட்டினர்.

பொய்.

ஜூன் 4

விருந்தோம்பலைப் போற்றும் செய்யுட்கள் அனைத்தும் எனக்கு மனப்பாடம். இன்று காலை வழிபாட்டில் அவற்றுள் ஒன்றையும் ஓதத் துணிவில்லை.

ஜூன் 9

என் பொய்யை நாடகமாக்கிவிட்டார்கள்! பேத்திதான் அச்சிறுமி. 'ஒட்டகம்' என்று எல்லோரும் அழைக்கும் நெட்டைப் பையன்தான் நானாம். ஒத்திகைக்குப் போயிருந்தேன்.

"இந்தா, போர்வையை நீயே வச்சுக்கோ" என்கிறான்.

"டேய் ஒட்டகம், அழுக்குத் துணியை வீசுற மாதிரி வீசாதே. எங்க தாத்தா அன்பா குடுத்தாரு!" என்று பேத்தி அதட்டுகிறாள்.

வெள்ளியன்று பெற்றோர் அனைவரும் பார்க்க வருகின்றனர். இன்னும் எத்தனை பேர் முன்னால் நல்லவனாக வேஷம் போடப் போகிறேன்?

ஜூன் 11

வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். அப்பாவின் சவரக் கண்ணாடியை உடைத்தவன் நான். எட்டு வயது. என் அறையைப் பங்கிட மனமில்லாமல் அந்தச் சிறுமிமேல் பழி போட்டேன். அவள் மறுக்கவில்லை, என்னையே பார்த்தாள். மறுநாள் காலை அம்மா அதே அட்டையை அவள் கழுத்தில் மாட்டி அனுப்பிவிட்டாள். எங்கள் வீட்டில் அவள் இருந்தது ஒன்பதே நாள்.

"பழைய கதைதானே ஐயா, நாடகம் இப்படியே இருக்கட்டுமே" என்றார் ஆசிரியை.

பேத்தி மட்டும் கேட்டாள்: "அப்புறம் அவ எங்க போனா தாத்தா?"

தெரியாது. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நான் கேக்கலையே — யார்கிட்டயும் கேக்கலையே!

ஜூன் 12

பேத்தி பிடிவாதம் பிடித்து நாடகத்தை மாற்ற வைத்துவிட்டாள். ஒட்டகம் கையை விரித்துவிட்டான்: "பொய் சொல்றவனா நான் நடிக்க மாட்டேன். தாத்தாவே நடிக்கட்டும்."

"பல்லே இல்லாத எட்டு வயசுப் பையனா!" என்று ஒருத்தி சிரித்தாள்.

ஒப்புக்கொண்டேன்.

ஜூன் 13, வெள்ளி

எனக்கு ஒரே வசனம்: "அவதான் உடைச்சா." அன்று தடுமாறாமல் சொன்னது. இன்று விரலை நீட்டிவிட்டேன், சொல் எழவில்லை. கூடம் முழுவதும் காத்திருந்தது. அட்டையோடு எதிரே நின்ற பேத்தி ஓரடி முன்வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி எடுத்துக்கொடுத்தாள்:

"சொல்லுங்க தாத்தா... அவதான் உடைச்சா."

சொன்னேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் போனாள்.