கங்கையம்மாளைக் கேட்டு வந்த அழைப்புகள்

சின்ன காஞ்சிபுரம்,
19-12-2003.

அன்புள்ள தம்பி கலைவாணனுக்கு,

துபாய்க்குப் புறப்படுவதற்கு முதல் நாள், உங்கள் மோட்டார் வைண்டிங் கடை வாசலில் நின்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். “டீச்சர்மா, இந்த மஞ்சள் பக்க டெலிபோன் புத்தகத்துல விளம்பரம் குடுத்தா நெசமாவே யாராச்சும் வராங்களா, இல்ல சும்மா அச்சடிச்சுக்கினு போறாங்களா?” முப்பத்து நான்கு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்த எதிர்வீட்டு ரமாமணிக்கு அன்று பதில் தெரியவில்லை. இன்று தெரியும். அதைச் சொல்லத்தான் காபிகூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நானும் உங்கள் மனைவி தேவகியும் நலம். தென்னேரியில் உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதாம்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். விளம்பரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் போனீர்கள். தேவகி நிறுத்தவில்லை. அவளைக் கோபிக்காதீர்கள், யோசனை என்னுடையது. விடை தெரியாத கேள்வியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

கடைக்கு வருகிற ஒருவர் புத்தகத்தைப் பார்த்து வந்தாரா, பெயர்ப் பலகையைப் பார்த்து வந்தாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பள்ளியில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சுக்காரர்கள் பார்த்து எழுதுகிறார்கள் என்று சந்தேகம் வந்தால், ஒருவனுடைய கேள்வித்தாளில் ஓர் எண்ணை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவேன். விடையைப் பார்த்ததும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். அதையேதான் இங்கும் செய்தேன். விளம்பரத்தில் உங்கள் கடைப் பெயர், தொலைபேசி எண் எல்லாம் முன்போலவே இருந்தன. அடியில் மட்டும் “தொடர்புக்கு: கங்கையம்மாள்” என்று ஒரு வரி சேர்த்தோம். அப்படி ஒருவர் நம் தெருவிலேயே கிடையாது. ஆகவே கங்கையம்மாளைக் கேட்டு யார் அழைத்தாலும், அவர் புத்தகம் பார்த்தவர்.

பிப்ரவரியில் புத்தகம் வந்தது. ஆறு வாரம் ஒரு அழைப்பும் இல்லை. பக்கத்து டீக்கடைப் பழனியை உங்களுக்குத் தெரியாதா, தினமும் கிண்டல்தான். “இன்னாம்மா, உங்க கங்கையம்மா இன்னும் வயசுக்கு வரலியா? அந்த புக்கை என்கிட்ட குடுங்க, வடை மடிக்கவாச்சும் ஆவும்.” எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

பங்குனி வெயிலில் ஒரு நாள் கடையில் தொலைபேசி மணி அடித்தது. நானும் அப்போது அங்கே இருந்தேன். தேவகி எடுத்தாள். அவள் கண் விரிந்ததைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது. ரிசீவரைப் பொத்திக்கொண்டு, “டீச்சர்மா, கங்கையம்மாவக் கேக்கறாங்க! இன்னா சொல்றது?” என்றாள். அந்தப் பாடத்துக்கு நாங்கள் தயாராகவே இல்லை! இல்லாத ஆளை எங்கே தேடுவது? சட்டென்று அவளே, “அவங்க வெளிய போயிருக்காங்கமா, நான் அவங்க தங்கச்சி பேசறேன்” என்றாள்.

ஏனாத்தூர் பக்கம் பெண்கள் விடுதி ஒன்றின் வார்டன் அவர். மோட்டார் ஓடாமல் எண்பது பெண்கள் குளிக்கத் தண்ணீர் இல்லை. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்ற வேலைதானே, தேவகி கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மதியம் திரும்பியபோது முகமெல்லாம் கிரீஸ், வாயெல்லாம் சிரிப்பு. கெப்பாசிட்டர் போயிருந்ததாம், மாற்றிவிட்டாளாம். வார்டன் சொன்னதாக அவள் சொன்னது இது: “ஆம்பள ஆளக் கூப்ட்டா கூடவே நிக்கணும், பொண்ணுங்கள ரூமுக்குள்ள போகச் சொல்லணும். புக்குல பொம்பள பேரு பாத்ததும் அதான் போன் பண்ணேன்மா.”

அன்று மாலை அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை தடவை நினைத்தேன் தெரியுமா! எண்ணுவதற்காக ஓர் அடையாளம் வைத்தேன். அந்த அடையாளமே ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறது. பரீட்சை வைத்த நானே பரீட்சையைக் கெடுத்துவிட்டேன். ஆனால் இத்தனை வயதில் நான் செய்த பிழைகளில் சந்தோஷம் தந்த பிழை இது ஒன்றுதான்.

அதன் பிறகு காலண்டரில் ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு கோடு போட்டு வந்தேன். நவம்பர் முடிய அறுபத்து மூன்று. அதில் ஐம்பத்தொரு பேர் பெண்கள். கணவர் சென்னை ரயிலில் வேலைக்குப் போய்விட, பகலில் தனியாக இருப்பவர்கள். பாட்டு டீச்சர் ஒருவர். விதவைத் தாயும் மகளுமாக ஒரு வீடு. மீதி பெரும்பாலும் லாட்ஜுகள். வைகாசி கருட சேவை சமயத்தில் வெளியூர்க் கூட்டம் நிரம்பி வழிய, மூன்று லாட்ஜுகளில் ஒரே நாளில் மோட்டார் புகைந்தது. “கங்கையம்மாவ உடனே அனுப்புங்க” என்று ஒரு மேனேஜர் அழாத குறை. தேவகியைப் பார்த்ததும், “வயசான அம்மான்னு நெனச்சேனே” என்றாராம். “வயசானவங்க வெயிட்டு தூக்க மாட்டாங்க சார்” என்று இவள் சொல்லியிருக்கிறாள். சரியானதும் கடையிலிருந்து அந்த மோட்டாரை ஆட்டோவில் ஏற்றிக்கொடுத்தது யார் தெரியுமா, நம் பழனிதான். இப்போது அவன் டீக்கடையிலும் ஒரு புத்தகம் தொங்குகிறது. வடை மடிக்க ஒரு தாள்கூடக் கிழிக்கவில்லை.

இல்லாததை இருப்பதாகச் சொல்ல மாட்டேன். நம் தெருக்காரர்கள் ஒருவர்கூடப் புத்தகத்தைப் புரட்டி வரவில்லை. தறிக்காரர்கள் பழனியிடம் கேட்டுத்தான் வருகிறார்கள், இனியும் அப்படித்தான் வருவார்கள். பள்ளித் தாழ்வாரத்தில் தீயணைக்கும் மணல் வாளி தொங்குமே, அது போலத்தான் இந்தப் புத்தகமும். வழி தெரிந்தவர் அதைப் பார்க்க மாட்டார். யாரையும் தெரியாதவர், கேட்கத் தயங்குபவர், கதவைத் திறக்க யோசிப்பவர், இவர்கள்தான் கை நீட்டுவார்கள். அவர்களுக்குப் பலகை போதாது.

இனி நான் எழுதத் தயங்குகிற விஷயம். பொங்கலுக்குள் கடையைக் காலி செய்துவிட்டு, தேவகியைத் தென்னேரிக்குப் போகச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை என்னிடம் காட்டினாள். பிறகு உட்கார்ந்து மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்ற ஆரம்பித்தாள். சின்ன வயதில் அப்பா தறிக்கு நூல் தார் சுற்றிய கை அல்லவா, பட்டு நூலோ செப்புக் கம்பியோ அதற்கு ஒன்றுதான். அன்று மூன்று தடவை சுற்று எண்ணிக்கை தப்பியது. நான் பார்த்து அவளுக்கு எண்ணிக்கை தப்பியது அன்றுதான்.

“பொம்பள மோட்டார் கழட்டிக்கினு திரியறா” என்று யாரோ சொல்ல, அது உங்கள் அம்மா காது வழியாக உங்களுக்கு வந்திருக்கிறது. அங்கே தனியாக இருந்துகொண்டு இதைக் கேட்கும்போது மனம் என்ன பாடுபடும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அப்படிச் சொன்னவர் ஒருவர். பெயரைப் பார்த்துக் கூப்பிட்டவர்கள் அறுபத்து மூன்று பேர்.

நேற்று விளம்பர ஏஜென்ட் கோதண்டபாணி வந்திருந்தார். அடுத்த புத்தகத்தில் கங்கையம்மாளை எடுத்துவிட்டு, “தொடர்புக்கு: தேவகி கலைவாணன்” என்று போட வேண்டும் என்று அவளே கேட்டாள். படிவத்தை நிரப்பியும் விட்டாள். கையெழுத்து மட்டும் போடவில்லை. “அவரு சரின்னு சொன்னாத்தான் டீச்சர்மா” என்று மடித்து வைத்திருக்கிறாள். ஜனவரி ஐந்தாம் தேதிவரை காத்திருப்பதாகக் கோதண்டபாணி சொல்லிப் போயிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுத் தொலைபேசியில் அவளோடு பேசுகிறீர்கள். “ம்”, “சரிங்க”, “நல்லா இருக்கேன்”, இந்த மூன்றைத் தவிர அவள் வேறு பேசி நான் கேட்டதில்லை. கடைத் தொலைபேசியில் பேசுகிறவளை நீங்கள் இன்னும் கேட்டதே இல்லை.

வரதராஜப் பெருமாள் உங்கள் இருவரையும் ஒரே கூரையின் கீழ் சீக்கிரம் சேர்த்து வைக்கட்டும். முடிவு உங்களுடையது. அதற்கு முன் எனக்காக ஒன்று மட்டும் செய்யுங்கள். இந்தக் கடிதம் கிடைத்தபின் வருகிற முதல் வெள்ளிக்கிழமை உங்களுக்கு விடுமுறை. இங்கே காலை பத்து மணியாகும்போது கடை எண்ணுக்கு அழையுங்கள். யாரென்று சொல்லாமல், “மோட்டார் உறுமுது, தண்ணி ஏறல” என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் கேட்கும் மூன்றாவது கேள்விவரை போனை வைக்காமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும்
ரமாமணி