உன் நாற்காலிக்குக் கீழே மேனேஜர்

என் உயிரான மச்சான் ஏழுமலைக்கு,

இதை உன் மாமாவாகிய நானே எழுதுகிறேன். யாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லி எழுதவில்லை. நம்புவாயா? நீ கண்ணை மூடிய மறுவாரமே முதியோர் வகுப்பில் சேர்ந்தேன், எட்டு மாதம் ஆகிறது. ஒரு வரி முடிக்க ஒரு டீ ஆறிப்போகிற நேரம் ஆகும். ஆனாலும் முடிந்த வரியைத் திரும்பப் படித்தால், நான் சொன்னது அப்படியே அங்கே உட்கார்ந்திருக்கிறது! எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

கம்பெனியில் நான் லோடு இறக்க வரும்போதெல்லாம் நீதான் கேட்டில் ரிஜிஸ்டரை நீட்டுவாய். நான் பெருவிரலை உருட்டுவேன். “மாமா, அந்த மையோட சோறு துன்னாத. அக்கா என்னத்தான் திட்டும்” என்று உன் துண்டாலேயே துடைத்துவிடுவாய். நீ இருக்கும்போதே நான் படித்திருக்கலாம். ஏன் படிக்கவில்லை? எழுதத்தான் நீ இருந்தாயே.

உனக்கு வேண்டிய சேதிக்கு வருகிறேன். மேனேஜர் என்னிடம்தான் இருக்கிறான். உள்ளே போகிற எல்லோரையும் முகர்ந்து பார்த்துத்தான் விடுகிறான் என்று லோடுமேன்கள் நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் உனக்கு எவ்வளவு பிடிக்கும்! உன் காரியம் முடிந்த மறுநாள், புது வாட்ச்மேன் அவன்மேல் கல்லெறிகிறான் என்று கேள்விப்பட்டு, கயிற்றோடு போனேன். ஏழு வயது நாய் குட்டி மாதிரி வருமா? கல்கத்தா ரோட்டில் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான். டிரெய்லர் லாரிகள் ஆரன் அடிக்க, தூக்கிக்கொண்டுதான் வந்தேன்.

வந்ததும் ஒரு தப்புச் செய்தேன். அவனைச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினேன். அவன் எப்போதும் படுத்திருக்கும் உன் பழைய காக்கிச் சட்டையையும் சோப்புத்தூளில் ஊறவைத்து, அடித்துத் துவைத்து, காயவைத்து விரித்தேன். போனவன் சட்டை அழுக்காக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அவன் முகர்ந்தான். மூக்கால் புரட்டி அடிப்பக்கத்தையும் முகர்ந்தான். பிறகு தூரமாகப் போய்ப் படுத்துக்கொண்டான்.

உன் அக்காவின் புடவைகளையும் நான் இப்படித்தான் துவைத்து மடித்து வைத்தேன், மச்சான். அவள் போய் நாலு வருடம் கழித்து ஒரு நாய் காட்டித்தான் தெரிந்தது, என்ன செய்தேன் என்று.

வாசற்படியைத் தாண்டி அவன் உள்ளே வரவே இல்லை. சோறு தொடவில்லை. ஈரல் வாங்கி வேகவைத்தேன், அதையும் எறும்புதான் தின்றது. கவரைப்பேட்டையில் மாட்டு டாக்டரைப் போய்க் கேட்டேன்.

“கட்டிப் போடாதீங்க பெரியவரே. அதுக்குன்னு ஒரு எடம் இருந்துது, ஒரு ஆள் இருந்தாரு. ரெண்டும் இப்ப இல்ல. நீங்க அதையே பாத்துகினு இருக்காம, பக்கத்துல சும்மா குந்திகினு இருங்க. அதுவா வரும்.”

அவிழ்த்து விட்டேன். இரண்டு மணி ஷிப்டுக்குக் கம்பெனியில் சங்கு ஊதியதும் எழுந்தான். நேராக ரோடு. நான் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். தினமும் இதே கதை. மூன்றாம் நாள் ஒரு லாரிச் சக்கரம் அவன் வாலை உரசிக்கொண்டு போயிற்று. கேட்டில் புது வாட்ச்மேன், “யோவ் பெருசு, இன்னொரு வாட்டி இத்த இங்க பாத்தேன், நாய் புடிக்கிற வண்டிக்கு போன் போட்டுருவேன்” என்றான். லாரியா, வண்டியா, எது முந்திக்கொள்ளும் என்று எனக்குத் தூக்கம் போயிற்று.

எதிர் டீக்கடை சரோஜாதான் கூப்பிட்டாள். “ஏன் இப்டி ஓடியாற? உன் மச்சான் குந்துன சேரு பின்னாடி கெடக்குது பாரு. புது ஆளு தூக்கிக் கடாசிட்டான். அத்த எடுத்துகினு போ. ஆளு இல்லன்னாலும் சேராவது இருக்கட்டும்.”

உடைந்த கைப்பிடியில் நீ நீல நாடா சுற்றிய அதே சிவப்பு நாற்காலி. தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தேன். திரும்பிப் பார்த்தால், கயிறு இல்லாமலே அவன் பின்னால் வருகிறான்! பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள், “இன்னா தாத்தா, மேனேஜரு ஆபீஸ மாத்திட்டாரா?”

நாற்காலியை வாசலில் போட்டு, கையை முழங்காலில் வைத்து உட்கார்ந்தேன். என் கையையே பார்த்தான். ஏதோ குறைகிறது என்பதுபோல. எழுந்து தெருமுனைக்குப் போனான். நான்தான் மறித்துக் கூட்டிவந்தேன். மறுநாளும் அப்படியே.

அதற்கு அடுத்த நாள் வகுப்பில் கொடுத்த வீட்டுப்பாடம் பாக்கி. நோட்டை மடியில் வைத்து, குனிந்து, என் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். பாதத்தின்மேல் கனமாக ஏதோ வந்து விழுந்தது. அவன் மோவாய். நான் கீழே பார்க்கவில்லை. எழுதினேன். சங்கு ஊதியது. நான் பேனாவை நிறுத்தினேன். தலையைத் தூக்கினான். பயந்துபோய், ரோட்டில் போன லாரியின் நம்பரை எழுதினேன். பெருமூச்சு விட்டுத் திரும்பவும் படுத்துவிட்டான்.

அப்போதுதான் புரிந்தது. சங்கு நேரத்தில் நீ வண்டி நம்பர் எழுதுவாய். அவன் உன் காலடியில் கிடப்பான். எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன்!

இந்தக் கடிதம் அப்படித்தான் வளர்கிறது, நாளுக்கு நாலு வரி. டீயில் நனைத்த பொறை தின்கிறான். ரோட்டுக்குப் போகவில்லை. பேச ஆளில்லாத வீட்டில் எழுத இவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். நாற்காலியில் இருப்பது நீ என்று நினைத்துப் படுக்கிறானா? நான் என்று தெரிந்தும் படுக்கிறானா? உனக்குத் தெரிந்திருக்கும்.

உன் சட்டையை இப்போது நான் போட்டுக்கொள்கிறேன். துவைப்பதில்லை. இந்த வாரம் நாற்காலியைத் தினம் ஒரு சாண் உள்ளே இழுக்கிறேன். இன்று அவன் முன்கால் இரண்டும் நிலைவாசல்மேல். மீதி வெளியே.

சேதி தீர்ந்துபோனாலும் லாரி நம்பராவது எழுதுவேன், மச்சான். சங்கு ஊதும்போது உன் நாற்காலி காலியாக இருக்காது. கீழே பார், மை ஒட்டாத விரலால் போட்ட கையெழுத்து.

உன் அக்கா புருஷன்,
கோவிந்தன்