எழுதாமல் விட்ட ஏழாவது வரி

1984 ஜூன் 18, திங்கள்

இன்றிலிருந்து வல்லிக்கு தினம் ரெண்டு முட்டை. வேக வைத்துத்தான் கொடுக்கணுமாம், டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கு. இவள் பெரிய மனுசி ஆனப்போ பதினாறு நாள் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் இந்தக் கையால்தான் ஊற்றினேன். அந்தத் தெம்புதான் இது என்று டீச்சருக்கு யார் போய்ச் சொல்ல.

என் மகள் செல்லத்தாயும் மருமகனும் மலைமேல் ஏலக்காட்டில் வேலை. வல்லி அங்கே பிறந்தவள். முழுப்பேர் சந்திரவல்லி. பத்தாவது படிக்க போடியில் என்னிடம் விட்டிருக்கிறார்கள். போன வாரம் பள்ளிக்கூடத்தில் இரும்புக் குண்டு எறிந்தாளாம். மற்ற பிள்ளைகள் எறிந்ததைத் தாண்டி ஏழடி தள்ளிப் போய் விழுந்ததாம். முறையாக எடை தூக்கிப் பழகினால் மதுரைக் குண்டு எறிதல் போட்டி வரைக்கும் போவாள் என்று டிரில் டீச்சர் அய்யம்மாள் சொல்லிவிட்டது.

பொட்டப்பிள்ளை எடை தூக்கவா என்று கேட்க வாயெடுத்தேன். மதுரை என்றதும் மூடிக்கொண்டேன்.

ஜூன் 20, புதன்

டீச்சர் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கு. தொலைந்து போகும் என்று இதில் பார்த்து எழுதுகிறேன். நான் ஏலக்காய் பொறுக்கப் போகும் காய்க்கடையில் முதலாளி கொடுத்த டைரி இதற்காவது உதவட்டும்.

1. காலையில் ஊற வைத்த நிலக்கடலை ஒரு கை.
2. முட்டை ரெண்டு. பருப்பு, கீரை தினமும். கேப்பை, கம்பு நல்லது. பட்டினியாகத் தூக்கக் கூடாது.
3. தாகம் எடுக்கு முன்னாலேயே தண்ணீர் குடிக்க வேண்டும்.
4. எட்டு மணி நேரம் தூங்க வேண்டும்.
5. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தூக்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது.
6. பத்துத் தடவை அலுங்காமல் தூக்க முடிந்த பிறகுதான் எடை கூட்ட வேண்டும்.

ஏழாவது ஒன்று இருக்கிறது. கண் மங்குது. நாளைக்கு எழுதிக்கலாம்.

ஜூன் 24, ஞாயிறு

கொத்தனார் கோட்டைச்சாமி வந்து ரெண்டு பெயிண்ட் டின்னில் சிமிட்டி ஊற்றி நடுவில் இரும்புக் குழாய் சொருகிக் கொடுத்தான். டீச்சர் அரை டின் ஊற்றினால் போதும் என்றிருந்தது. நான் நிறைய ஊற்றச் சொன்னேன்.

"ஆச்சி, தூக்கப் போறது பிள்ளையா, பீமனா?"

"என் பேத்திடா. ஊத்து."

ஜூன் 29, வெள்ளி

விடியக்காலம் பால் காய்ச்சிக் கொண்டிருந்தேன். பின்கட்டில் வல்லி தூக்கி இறக்கினாள். தொம் என்று ஒரு சத்தம். அடுப்பைப் பார்க்கவில்லை, பால் பொங்கி ஓடிவிட்டது.

அதே சத்தம். எங்க ஊர் சிலமலையில் கோயிலுக்கு முன்னால் கிடக்கிற கல்லின் சத்தம். அந்தத் தெருவுக்குப் போய் இருபத்தாறு வருசம் ஆகிறது. அது எப்படி இங்கே வந்தது?

ஜூலை 8, ஞாயிறு

டின்னுக்கு அடியில் சாக்கு மடித்துப் போட்டேன். சத்தம் குறையவில்லை. வல்லிக்குக் கேட்கவில்லையாம்.

ஜூலை 16, திங்கள்

கடையில் காய் பொறுக்கும்போது கூட வேலை பார்க்கிற ராமுத்தாய் எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"என்னக்கா, பேத்திய சர்க்கஸ்ல சேக்கப் போறியாம்ல?"

"சேத்தா உனக்கு ஓசி டிக்கெட்டு கிடையாது."

"சிரிக்காதக்கா. அந்தத் தோளப் பாத்தா எவன் கட்டிக்குவான்?"

"கட்டிக்கிட வர்றவன் சோத்தத் தின்னுட்டு வரட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். செப்டம்பரில் மதுரையில் முதல் பரிசு வாங்கிக்கொண்டு வருவாள், வாங்காவிட்டால் இந்தக் கடைக்குள் நான் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வாய். என் வாய்.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

செல்லத்தாய் ஜீப்பில் இறங்கி வந்திருந்தாள். மகள் தூக்குவதைக் கண் கொட்டாமல் பார்த்தாள்.

"ஆத்தா, அப்படியே அண்ணன் தோளு. அன்னைக்கு முனி மட்டும் குறுக்க வரலேன்னா அண்ணன் இப்ப பேரன் பேத்தி எடுத்திருக்கும்."

நான் கடலையை உரித்துக்கொண்டே இருந்தேன்.

அண்ணன் என்றால் கன்னையன். என் தலைமகன். சிலமலையில் பொங்கல் அன்று இளவட்டக் கல்லைத் தூக்க வேண்டும். உருண்டையாக, பிடிக்க இடமே இல்லாத கல். முழங்காலுக்கு, நெஞ்சுக்கு, தோளுக்கு ஏற்றிக் கோயிலைச் சுற்றி வந்து பின்னால் போட வேண்டும். போட்டவனுக்குத்தான் பெண். ஐம்பத்தெட்டாம் வருசம் கன்னையன் போட்டான். நாலாம் நாள் செத்துப் போனான். பத்தொன்பது வயசு. கோயில் முனி அடித்துவிட்டது என்று ஊரே சொன்னது. செல்லத்தாய்க்கு அப்போது எட்டு வயசு. அதைத்தான் நம்பி வளர்ந்தாள்.

ஆகஸ்ட் 21, செவ்வாய்

காலையில் பின்வாசல் நிலையில் கன்னையன் நின்றான். இடது கையை அடிவயிற்றோரம் வைத்து அழுத்திக்கொண்டு. முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பியிருந்தான்.

ஏலே என்று கூப்பிட்டுவிட்டேன்.

திரும்பினது வல்லி. கையைச் சட்டென்று எடுத்தாள். "என்ன அம்மாச்சி?" என்றாள். ஒண்ணுமில்ல ஆத்தா, கடலை தின்னு என்றேன். ஏன் கையை எடுத்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கணும்ல? ஏன் கேக்கல?

ஆகஸ்ட் 30, வியாழன்

முட்டையை வைத்துவிட்டுப் போகிறாள். உட்காரும்போது சுவரைப் பிடிக்கிறாள். கேட்டால் தூக்கம் பத்தலையாம். மதுரைக்கு இன்னும் ஒன்பது நாள்.

செப்டம்பர் 2, ஞாயிறு

விளக்கைப் போடாம எழுதுறேன். எழுத்து கோணலா வரும், வரட்டும்.

காலையில் தூக்கப் போகு முன் வல்லி ஒரு துண்டைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அம்மாச்சி, இத இடுப்புல இறுக்கிக் கட்டிவிடேன். நான் கட்டுனா நழுவுது."

வாங்கிட்டேன். ஒரு சுத்தும் சுத்திட்டேன். முடிச்சுப் போடத்தான் கை வரலை.

அன்னைக்குக் கன்னையனும் இதே வார்த்தைதான். ஆத்தா, இறுக்கிக் கட்டிவிடு.

"எதுக்கு ஆத்தா துண்டு?"

"சும்மாதான்."

"எங்க வலிக்குது?"

திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் சொன்னாள். வயிற்றோரம் பிடித்து இழுக்குதாம், குனிந்தால் முதுகு வெட்டுதாம். இருபது நாளா.

"ஏன்டி சொல்லல?"

"ராமுத்தாய்ப் பாட்டிகிட்ட நீ சொல்லிட்டு வந்தேல்ல. நான் போகலேன்னா நீ எப்படிக் கடைக்குப் போவே?"

துண்டு அவள் இடுப்பில் இருந்தது, இன்னொரு முனை என் கையில் இருந்தது.

செப்டம்பர் 3, திங்கள்

நேற்று வல்லியிடம் சொன்னேன். முதல் தடவையாக ஒரு உயிரிடம் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

முனி எவனையும் அடிக்கவில்லை. அன்று காலையில் கன்னையன் என்னிடம் வந்தான். "ஆத்தா, ஒரு மாசமா அடிவயித்தோரம் இழுக்குது. பாக்கு கணக்கா என்னமோ தட்டுப்படுது" என்றான். ராசிங்காபுரத்திலிருந்து பெண் வீட்டார் வண்டி கட்டி வந்து தெருவில் நின்றார்கள். "உங்கப்பன் பதினேழு வயசுல தூக்குன கல்லுடா" என்றேன் நான். "ஆத்தா, இறுக்கிக் கட்டிவிடு" என்று துண்டை நீட்டினான், நானே இறுக்கிக் கட்டினேன். மூச்சு முட்டுது ஆத்தா என்றான். அப்பத்தான் நிக்கும் என்றேன்.

தூக்கினான். சுற்றினான். போட்டான். நான் குலவை போட்டேன்.

ராத்திரியே வயிறு வீங்கிப் போச்சு. பச்சை பச்சையாக வாந்தி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் பெண் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று விளக்கெண்ணெய் தடவி வீட்டிலேயே வைத்திருந்தேன். நாலாம் நாள் முனி அடிச்சிருச்சுன்னு முதல்ல சொன்ன வாய் என் வாய்தான். ஊர் பின்னாலே சொன்னது.

இப்போது டீச்சர் காகிதத்தைப் பார்த்து எழுதுகிறேன்.

7. எங்கே வலித்தாலும் உடனே இறக்கி வைத்துவிட்டு வீட்டுப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 4, செவ்வாய்

பெரிய டாக்டரிடம் போனோம். கன்னையனுக்கு ஆனது மாதிரி குடல் இறங்கவில்லை. தசைதான் பிடித்துக் கிழிந்திருக்கிறது. ரெண்டு மாசம் ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது என்றார். இன்னும் பத்து நாள் தூக்கியிருந்தால்? என்று கேட்டேன். மாத்திரை எழுதினார்.

அய்யம்மாள் டீச்சர் வீட்டுக்கு வந்து டின்னைத் தூக்கிப் பார்த்தது. "அரை டின்னுன்னுதானேம்மா சொன்னேன்" என்று கேட்டது. நான்தான் ஊற்றச் சொன்னேன் என்றேன். டின்னைக் கீழே வைத்தது.

மதுரைக்கு வேற பிள்ளை போகுது.

செப்டம்பர் 6, வியாழன்

கடைக்குப் போனேன். ராமுத்தாய் வாய் திறக்கு முன்னால், வல்லி மதுரைக்குப் போகவில்லை என்று நானே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தண்ணிச் செம்பை என் பக்கம் தள்ளினாள்.

செப்டம்பர் 9, ஞாயிறு

செல்லத்தாய் வந்தாள். அவளிடமும் சொல்லிவிட்டேன். துண்டு, விளக்கெண்ணெய், முனி, எல்லாம்.

போட்ட காப்பி ஆறிப் போய் அப்படியே இருக்கிறது. மூணு மணி ஜீப்புக்கே ஏறிவிட்டாள்.

செப்டம்பர் 30, ஞாயிறு

செல்லத்தாய் வரவில்லை.

நவம்பர் 12, திங்கள்

வல்லிக்குக் குழாயை மட்டும் தூக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோட்டைச்சாமி அந்த டின்களை உடைத்துக் கொண்டுபோய் ஓடையில் போட்டான். கன்னையன் மூணு நாளாகப் பின்வாசலில் நிற்கிறான். உட்காருடா என்றால் உட்காருவதில்லை.

செல்லத்தாய் ஏலக்காய் கொடுத்துவிட்டிருக்கிறாள். மகளுக்குக் கடுதாசி. எனக்கு ஒரு வரி இல்லை.

1985 ஜனவரி 15, செவ்வாய், மாட்டுப் பொங்கல்

புது டைரி இன்னும் வரவில்லை. பழையதின் கடைசித் தாளில் எழுதுகிறேன்.

செல்லத்தாய் வந்தாள். பொங்கலைத் தின்றாள். மாட்டுக் கயிற்றைப் பார்த்தபடி கேட்டாள்.

"அண்ணன் வலிக்குதுன்னு சொன்னப்ப அழுதுச்சா?"

"இல்ல. சிரிச்சுக்கிட்டே சொன்னான்."

"சிரிச்சுக்கிட்டேவா."

"ஆமா. எனக்குக் கோவம் வந்துரக் கூடாதுன்னு."

"நாலு நாளும் நான் அது காலுமாட்டுலதான் படுத்திருந்தேன் ஆத்தா. எங்கிட்டகூடச் சொல்லலியே" என்றாள். என் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

ஜனவரி 23, புதன்

காலை. கோட்டைச்சாமி புதுசாகச் செய்து கொடுத்த அரை டின் எடை. வல்லி ஆறு தடவை தூக்கினாள். நான் எதிரில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழாவதுக்குப் பாதியில் நிறுத்தி இறக்கினாள்.

தொம்.

"அம்மாச்சி, இடது பக்கம் லேசா இழுக்குது. இன்னைக்குப் போதும்."

"போதும் ஆத்தா" என்றேன். பக்கத்து வீட்டுக்காரி மதில் மேல் எட்டிப் பார்த்து, ஆறுதானா என்றாள்.

ஆறுதான் என்றேன்.

முட்டையை உரித்துக் கொடுத்தேன். ரெண்டையும் தின்றாள். நிலைப்படியைப் பார்த்தேன். கன்னையன் அங்கேதான் நின்றான். இன்று வயிற்றில் கை வைத்திருக்கவில்லை.