கன்றின் வாயில் விட்ட கை

அன்புள்ள அப்பாவுக்கு,

தமயந்தி எழுதுவது. உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? ஸ்ரீவில்லிபுத்தூர் கால்நடை மருத்துவமனை வேலையில் நான் நலம். போனில் சொன்னால் அம்மா அழுவாள் என்றுதான் எழுதுகிறேன்.

போன மாதம் வ. புதுப்பட்டியில் அய்யம்மாள் என்பவரின் கன்றுக்குட்டி எச்சில் வடிய நின்றது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்துக் கையை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கையுறை கிழிந்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

மறுநாள் கன்று இறந்தது. வெறிநாய் கடித்த கன்றோ என்று எனக்குச் சந்தேகம் வந்து உடனே தடுப்பூசி போட்டுக்கொண்டேன். ஆய்வகத்தில் கன்றின் மூளையைப் பரிசோதித்து அனுப்பிய படத்தில், செல்களுக்குள் இருக்கக் கூடாத சிவப்புப் பொட்டுகள் சேர்ந்திருந்தன. வெறிநோயேதான்.

மருந்து புகட்ட அய்யம்மாளும் கன்றின் வாயில் கை விட்டிருந்தார். ஆனால் ஊசிக்கு வர மறுத்துவிட்டார்.

"கடிக்கவா செஞ்சுச்சு? எனக்கு ஒண்ணுஞ் செய்யாது தாயி. களையெடுக்கப் போவணும்."

கீறலில் எச்சில் பட்டாலே நோய் தொற்றும் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில், "எனக்கும் பயமா இருக்கு. தொணைக்கு வாங்க" என்றேன். அது உண்மைதான், அப்பா.

அவர் களைக்கொத்தியைத் திண்ணையில் வைத்தார். "பெத்தவுக பக்கத்துல இல்லியோ? இரு, சேலைய மாத்திட்டு வாரேன்."

அன்றிலிருந்து என் ஊசிக்கும் அவர் ஊசிக்கும் சேர்ந்தே போகிறோம். இருவரும் நன்றாக இருக்கிறோம்.

நம் வீட்டு நாய்க்கு இந்த வாரமே தடுப்பூசி போட்டுவிடுங்கள். இரவில் நான் போர்த்திக்கொள்ள அம்மாவின் பழைய பருத்திச் சேலை ஒன்று அனுப்புங்கள், புதியது வேண்டாம்.

அய்யம்மாள் வாசலில் கூப்பிடுகிறார். இன்று அவருக்குக் கடைசி ஊசி.

உங்கள் மகள்,
தமயந்தி