அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டு போனவன்

செப்டம்பர் 2, 1998

வெட்கத்தை விட்டு எழுதிவைக்கிறேன். இன்று நீதிபதிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அரசு வக்கீல் பேசிய நேரம் முழுக்க நான் டிவி தொடரைப் பற்றித்தான் யோசித்தேன். பண்ணைக்காரருக்கு விஷம் வைத்தது யார்? கறுத்த குதிரைக்காரன்தான். பஸ் நிலையத்தில் எல்லாரிடமும் அப்படிச் சொல்லி, ஒரு ஜாடி மிளகாய்த் தொக்கு பந்தயம் கட்டியிருக்கிறேன்.

ஏழாவதோடு படிப்பை விட்டு, சூரியகாந்தி விதை வறுத்து விற்கிற என்னை நகரசபை மக்கள் நீதிபதியாக அனுப்பியிருக்கிறது. நடுவில் நிஜ நீதிபதி, வெலிச்கோவா அம்மா. ஒரு பக்கம் நான், மறுபக்கம் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி வாத்தியார் காமென். ஆளுக்கொரு ஓட்டு. என் வீட்டு மனுஷன் பெஞ்சோ காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்: "நீதிபதியம்மா, இந்த முட்டை வெந்திருக்கா இல்லையா, தீர்ப்பு சொல்லுங்க."

வழக்கு இதுதான். யாஷார், ஜிப்ஸித் தெருவில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவன். போன வருஷம் சிலுவைத் திருநாள் காலையில், வயசான தபால்காரர் ஒருத்தர் வீட்டுக் கொட்டகைப் பூட்டை உடைத்து, செப்பு அண்டாவைத் தூக்கிப்போனானாம். அப்போதிலிருந்து உள்ளே இருக்கிறான். நாங்கள் குற்றவாளி என்றால் இன்னும் சில வருஷம்.

பார்த்த சாட்சி என் சிநேகிதி ஸ்தோய்கா. தபால்காரருக்கு எதிர்வீட்டுக்காரி. நீதிபதி கேட்டார்:

"முகத்தைப் பார்த்தீங்களா?"

"எப்படிப் பார்க்கறது? மழைக்கு அண்டாவைத் தலையில கவிழ்த்திருந்தானே."

"பிறகு யாஷார்னு எப்படித் தெரியும்?"

"முழங்கை வரைக்கும் கறுப்பு. அவங்க பாஷையில பாட்டு வேற. வேற யாரும்மா இருக்க முடியும்?"

நான் தலையாட்டினேன். காமெனும் ஆட்டினார். யாஷார் அன்று வீட்டிலேயே இருந்ததாகச் சொன்னான். அவன் பெண்டாட்டியும் அதையே சொன்னாள். பெண்டாட்டி வேறு என்ன சொல்வாள்.

அடுத்த விசாரணை பதினாறாம் தேதி.

செப்டம்பர் 3

தொடரில் குதிரைக்காரன் வந்தான். அவன் வந்தாலே பின்னணியில் முரசு அடிக்கிறார்கள். தொக்கு எனக்குத்தான்.

செப்டம்பர் 5

காமென் கடைக்கு வந்தார். நாம் ரெண்டு பேரும் ஒரே பக்கம் கையைத் தூக்கினால் அந்தம்மா ஓட்டு தனி ஓட்டு, செல்லாது என்று கணக்குச் சொன்னார். மதிப்பாகப் பேசினார் என்று ஒரு கை விதை கூடப் போட்டேன்.

செப்டம்பர் 8

இதை எப்படி எழுதுவது.

குடைமிளகாய் இந்த வாரம் நன்றாக இருக்கிறது, தொக்கு கிளறணும், உங்க தங்கச்சி வீட்டு அண்டாவைத் தூக்கிட்டு வாங்க என்றேன். மனுஷன் மாட்டேன் என்றார்.

"போன வருஷம் பட்டது போதும். நல்ல நாள் அதுவுமா, மழையில அதைக் குடையா கவிழ்த்துக்கிட்டு வந்தேன். கையெல்லாம் கரி. கோயிலுக்குப் போன கிழவிங்க என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கிச்சுங்க."

சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். கரி போக அவர் முழங்கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தது நான்தானே.

அப்புறம் கரண்டி நின்றுவிட்டது. விதை கருகியது.

எந்த நல்ல நாள்? சிலுவைத் திருநாள். எந்தத் தெரு? அவர் தங்கை இருப்பது ஸ்தோய்கா தெருதான். பாடினீங்களா என்று கேட்டேன். பாடாமல் என்ன, அண்டாவுக்குள் குரல் கணீரென்று கேட்குமே என்றார். அண்டாவுக்குள்ளிருந்து பெஞ்சோ பாடினால் அது எந்த பாஷையும் இல்லை.

மழை, திருநாள், அண்டா, கறுத்த கை — எல்லாம் கோர்ட்டில் என் காதிலேதான் விழுந்தது. எல்லாம் என் வீட்டில்தான் நடந்தது. பக்கத்திலேயே படுத்துக்கிடக்கிற மனுஷன் முகம் எனக்கு ஏன் வரவில்லை? ஏன்னா யாஷார் முகம் முன்னாடியே வந்து உட்கார்ந்திருச்சு. அவனை உள்ளே கூட்டிவந்தபோதே என் மண்டைக்குள் முரசு அடித்தது. கோர்ட்டில் யாரும் அடிக்கவில்லை. நானே அடித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 9

வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன? எனக்கும் இவருக்கும் மட்டும்தான் தெரியும்.

யாஷார் பெண்டாட்டிக்கு என்ன சொல்வது.

செப்டம்பர் 10

பெஞ்சோவுக்குப் பயம். "அப்புறம் என்னைத் திருடன்னு பிடிச்சுட்டா?"

யோவ், உன் தங்கச்சி அண்டாதானே, அவள் வந்து சொல்வாள் என்றேன். யாஷாருக்கும்தான் பெண்டாட்டி வந்து சொன்னாள் என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஸ்தோய்கா முகத்தில் எப்படி முழிப்பது என்பதும் இருக்கிறது.

செப்டம்பர் 11

நீதிபதியம்மாவைப் போய்ப் பார்த்துச் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இனி நீங்க அந்த நாற்காலியில உட்கார முடியாது வெல்காம்மா. சாட்சி பெஞ்சுல உட்காரணும். அவரையும் கூட்டிட்டு வாங்க."

என் இடத்துக்குக் காத்திருப்பில் இருக்கிற இன்னொருத்தர் வருவாராம். அந்த நாற்காலிக்கு மெத்தை உண்டு. பெஞ்சுக்கு இல்லை.

செப்டம்பர் 14

சிலுவைத் திருநாள். விரதம். மழை இல்லை.

செப்டம்பர் 16

பெஞ்சோ சொன்னார். தலையில் கவிழ்த்த மாதிரி கையை வைத்துக் காட்டினார். பாடியும் காட்டினார்; யாரும் கேட்கவில்லை, அவராகவே பாடினார். ஸ்தோய்கா முகம் சிவந்து, "அந்தப் பாட்டுதான்" என்றாள். அரசு வக்கீல் சிரித்தார். காமென் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றும்போதுதான் உறைத்தது. அன்று நீ எங்கே இருந்தாய் என்று யாஷாரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பெஞ்சோவிடம், நீ தூக்கிப்போனது யார் அண்டா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவர் தங்கை காலையிலிருந்து கோர்ட் வாசலில் நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைக் கூப்பிடவே இல்லை.

பெஞ்சோவுக்கு இதில் பெருமை. என்னை நம்பினாங்க பார்த்தியா என்கிறார்.

செப்டம்பர் 23

யாஷாரை விட்டுவிட்டார்கள். மூன்று ஓட்டும் அந்தப் பக்கம். காமெனுடையதும். தபால்காரர் அண்டா கிடைக்கவில்லை. அதை இப்போது யாரும் தேடுவதாகவும் தெரியவில்லை.

செப்டம்பர் 26

தொடர் முடிந்தது. விஷம் வைத்தது பண்ணைக்காரரின் அக்கா. எப்போதும் வெள்ளை உடுப்பில், பின்னணியில் புல்லாங்குழலோடு வருவாளே, அவள். ஒரு ஜாடி போச்சு.

செப்டம்பர் 29

யாஷார் கடைக்கு வந்தான். இளைத்திருக்கிறான். பொட்டலம் நீட்டினேன், காசு வேண்டாம் என்றேன். காசை வைத்துவிட்டுத்தான் எடுத்தான். மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் சொன்னான்: "உங்க வீட்டுக்காரர் பாட்டு எங்க பாஷைன்னு சொன்னாங்களே, அதுதான்க்கா எனக்கு ரொம்ப அவமானம். எங்க ஆளுங்க சுதியோட பாடுவாங்க."

அந்தத் தங்கச்சி வீட்டு அண்டாவில் ஈயம் போய்விட்டது, பூசித் தருகிறாயா, வந்து எடுத்துப் போ என்றேன். ஒரு விதையைக் கொறித்துத் தோலைத் துப்பினான்.

"பூசித் தர்றேன். ஆனா அண்டாவோட நான் தெருவுல நடக்க மாட்டேன்க்கா. அவரையே கொண்டுவரச் சொல்லுங்க."

அக்டோபர் 4

ஈயம் பூசியாகிவிட்டது. உள்ளே முகம் தெரிகிறது. பெஞ்சோ போய் வாங்கிக்கொண்டு திரும்பும்போது தூறல். அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். பாடிக்கொண்டே வந்திருக்கிறார். ஸ்தோய்கா வீட்டு வாசலில் மின்கம்பத்தில் மோதினார். ஸ்தோய்கா ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாளாம். யார் என்று மட்டும் சொல்ல மாட்டாளாம்.

கம்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பெஞ்சோவின் முன்பல் ஒன்றைக் காணோம். தெருவெல்லாம் தேடினோம். அண்டாவுக்குள் இருந்தது. விளிம்பு நசுங்கியதால் அண்டா மறுபடி யாஷாரிடம் போயிருக்கிறது. பெஞ்சோதான் கொண்டுபோனார். கையில்.