மாத்திரைப் படமும் பெரிய ‘ற’வும்

செப்டம்பர் 14, ஞாயிறு

எழுதவே கூச்சமாக இருக்கிறது. பொய் மட்டும் எழுதக்கூடாது என்று சொல்லித்தான் தம்பி இருந்த மையத்துப் பிரத்யுஷா மேடம் இந்த நோட்டைக் கொடுத்தார். அதனால் எழுதுகிறேன் - படத்தைப் பார்க்காமலே மைக்கில் அபிப்பிராயம் சொல்லிவிட்டேன்.

கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேசையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுகிற சாஜிதா பேகம்தான் கூட்டிப்போனாள். போதை மாத்திரையில் மாட்டின பையன் கதை, எல்லாரும் அழுகிறார்களாம். நான் எங்கே அழுதேன்? ஏசி காற்று பட்டதும் தூங்கிவிட்டேன். இடைவேளையில் எழுப்பிச் சமோசா கொடுத்தாள், “அந்த அக்காக்காரி பாவம்” என்று கதை சொன்னாள். தின்றுவிட்டு மறுபடி தூங்கினேன்.

வெளியே வந்தால் மூஞ்சிக்கு நேராக மைக். ஹர்ஷிணி என்று ஒரு யூடியூப் புள்ளை. “படம் எப்படிங்க்கா?” தூங்கினேன் என்று சொல்ல வெட்கம். வாய் சும்மா இருக்குமா? “அந்த அக்காக்காரி மொத நாளே செவுள்ல ரெண்டு போட்டிருந்தா அரை மணி நேரத்துல திருந்தியிருப்பானுங் கண்ணு. நாமளும் நேரத்துக்கு ஊட்டுக்குப் போயித் தோசை சுட்டிருக்கலாம்” என்றேன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் குளுகுளு என்று இருந்தது.

காளிச்சாமியும் படத்துக்கு வருகிறேன் என்றுதான் சொன்னான். நான்தான் உனக்கு வேண்டாம் கண்ணு என்று விட்டுவிட்டுப் போனேன். அவன் என் தம்பி. பட்டறையில் இடுப்பில் அடிபட்டு, வலிக்கு என்று ஆரம்பித்த மாத்திரை. மூன்று மாதம் அவிநாசிப் பக்கம் பிரத்யுஷா மேடத்தின் போதை மீட்பு மையத்தில் இருந்துவிட்டு என் வீட்டுக்கு வந்து இன்றைக்கு நாற்பத்தேழாவது நாள். மாத்திரையைத் தொடவில்லை. தூக்கம் மட்டும் இன்னும் வரவில்லை அவனுக்கு.

அக்கா போய் தியேட்டரில் அவன் பங்குக்கும் தூங்கிவிட்டு வந்திருக்கிறாள்.

செப்டம்பர் 16

நான் பேசினதை ரெண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்களாம். கேன்டீனில் எனக்கு வடை இலவசம்.

செப்டம்பர் 17

வடை கசக்கிறது.

வீடியோவுக்குக் கீழே ஜனங்கள் எழுதியிருப்பதை எல்லாம் சாஜிதா படித்துக் காட்டினாள். அவள் வேகமாகப் படிப்பாள், நான் எழுத்துக்கூட்டுகிறவள். போதும் என்று போனை வாங்கி நானே ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். மெதுவாகப் படித்தால் இன்னும் ஆழமாக இறங்குகிறது.

ஒருத்தன்: செகண்ட் ஆஃப் இழுவை. மாத்திரையை விட இவ்வளவு நேரமா?

ஏண்டா, எங்கள் வீட்டில் நாலு வருசம் இழுத்தது. அதற்கு எத்தனை ஸ்டார் போடுவாய்?

இன்னொருத்தன்: பையன் கை நடுங்குகிற சீன் ஓவர் ஆக்டிங். வா ராசா, எங்கள் ஊட்டுக்கு வா. டம்ளரில் காப்பி ஊற்றிக் கையில் கொடுத்தால் பாதி கீழே கொட்டும், அதைப் பார். டிக்கெட் வேண்டாம்.

ஒரு அம்மா: குடும்பத்தோடு பார்க்கலாம். குடும்பத்தோடு பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம் தாயி.

அப்புறம் ஒருத்தன், சாமி படத்தை வைத்திருக்கிறான் முகத்துக்குப் பதில்: “இவனுகளை நிக்க வெச்சுச் சுடணும். அக்கா சொன்னதுதான் கரெக்ட்.” அதற்கு நாலாயிரம் லைக்.

அக்கா எப்படா அப்படிச் சொன்னா? நான் எங்கே சுடச் சொன்னேன்? தோசையைத்தானே சுடச் சொன்னேன்!

அவனைத் திட்டுகிறேன், இவளைத் திட்டுகிறேன் - ஆனால் எல்லாரும் என் பேச்சுக்குக் கீழேதானே உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களுக்குப் பாய் விரித்துப் போட்டது யார்?

காளி பார்க்காமல் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 18

பார்த்துவிட்டான்.

வேலை முடிந்து வந்தேன். அடுப்படியில் நின்று தோசை ஊற்றிக்கொண்டிருந்தான். திரும்பாமலே, “வாங்க. தோசை சுட்டாச்சுங்க. நேரத்துக்கு வந்துட்டீங்க” என்றான்.

பிறந்ததிலிருந்து என் தம்பிக்கு நான் ‘ஏக்கா, வா, போ’தான். கோபத்தில் தட்டை வீசியிருக்கிறான், மாத்திரைக்காக என் கம்மலைக் கழற்றிக்கொண்டு ஓடியிருக்கிறான். அப்போதும் ‘போக்கா’தான். இந்த ஊரில் நாய்க்குக்கூட ‘ங்க’ போட்டுப் பேசுவோம். ஆனால் என் தம்பி எனக்கு ‘ங்க’ போட்டது இன்றைக்குத்தான். செவுளில் ரெண்டு வாங்கினது நான்தான்.

“வெளையாட்டுக்குச் சொன்னேன் கண்ணு” என்றேன்.

“தெரியுங்க. திருந்தறதுக்கு நான் திருடனுங்களா? எனக்குச் சீக்குங்க. சீக்குக்காரன் தேறுவானுங்க, திருந்த மாட்டானுங்க. காய்ச்சல்காரனப் பாத்துத் திருந்திட்டியான்னு கேப்பீங்களா?”

தோசை நாலு வைத்தான். ஒன்றுகூட இறங்கவில்லை எனக்கு.

கம்மலை எடுத்தது திருட்டு இல்லையா என்று வாய் வரைக்கும் வந்தது. நல்லவேளை, வாயில் தோசை இருந்தது.

செப்டம்பர் 19

நாலு மணிக்கு வந்தால் கதவு பூட்டு. காளி இல்லை. போன் அணைத்திருந்தது.

அப்புறம் நான் செய்ததை எழுத வேண்டும், எழுதுகிறேன். அவன் பேன்ட் பாக்கெட், தலையணை உறை, ஷூ, அரிசி டின் எல்லாவற்றிலும் கைவிட்டுத் துழாவினேன். மாத்திரை இல்லை. பாக்கெட்டில் பஸ் டிக்கெட் மட்டும் கசங்கி இருந்தது. அவிநாசி. எல்லாம் பழைய டிக்கெட்.

ஆறரைக்கு வந்தான். மையத்தில் வெள்ளிக்கிழமைக் கூட்டமாம். வாரா வாரம் போகிறானாம். நான் கேட்டதில்லை, அவன் சொன்னதில்லை. மூடாமல் விட்ட அரிசி டின்னைப் பார்த்தான்.

“தேடியாச்சுங்களா?”

இன்னும் ‘ங்க’.

செப்டம்பர் 20

மதியச் சாப்பாட்டு நேரத்தில், வீடியோவில் போட்டிருந்த நம்பரைப் பார்த்து ஹர்ஷிணிக்குப் போன் போட்டேன்.

“கண்ணு, அந்த வீடியோவ எடுத்துப்போடு.”

“ஐயோ ஆன்ட்டி, எவ்வளவு நல்லா போகுது! பார்ட் டூ எடுக்கலாம்னு இருக்கோம். அதே சேலையில வர்றீங்களா?”

“நான் படமே பாக்கலை அம்மணி. தூங்கிட்டேன்.”

“அட, அதையும் சொல்லுங்க ஆன்ட்டி, செம காமெடி!”

“எந்தம்பிக்கு அந்தச் சீக்கு இருக்குதுடி!” - கத்திவிட்டேன். கேன்டீன் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. எட்டு வருசமாகச் சேர்ந்து வேலை செய்கிறவர்கள். யாருக்கும் சொன்னதில்லை, தம்பி வெளியூரில் இருக்கிறான் என்றே சொல்லிவந்தேன்.

அந்தப் புள்ளை குரலைத் தணித்து, “சேனல் ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேன் ஆன்ட்டி.”

சாஜிதா என் டிபன் பாக்ஸை மூடி வைத்தாள். “ஏன்டி எங்கிட்டச் சொல்லலை?” என்று மட்டும் கேட்டாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை. சரி போ, நானே எழுதுகிறேன் என்று அந்த வீடியோவுக்குக் கீழே நானே எழுதிப் போட்டேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி ஒன்றரை மணி நேரம்:

“நாந்தான் இதுல பேசினவ. நான் படம் பாக்கலை, தூங்கிட்டேன். என் தம்பிக்கும் இதே சீக்கு. அவன் தேரிட்டு வாரான். சுடணும்னு எழுதினவன் முதல்ல எங்கூட்டுக்கு வந்து ஒரு காப்பி குடிச்சுட்டுப் போ.”

செப்டம்பர் 22

காப்பி குடிக்க ஒருத்தனும் வரவில்லை. எழுத்துப் பிழை பார்க்க முந்நூறு பேர் வந்திருக்கிறார்கள். ‘ஆன்ட்டி எந்த ஸ்கூல்’, ‘முதலில் தமிழ் படி’. அடப்பாவிகளா, ஒரு மனுசன் பிழைத்து வருகிறான் என்று எழுதினால் உங்கள் கண்ணுக்கு எழுத்துதான் தெரிகிறதா? அஞ்சாங்கிளாஸோடு நிறுத்திவிட்டு இவனைத் தூக்கி வளர்த்தவள்டா நான். எனக்கு எந்த ‘ர’ எங்கே வரும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

பாத்திரத்தை எல்லாம் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். காளி போனைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

“ஏக்கா.”

நான் கரண்டியை அப்படியே வைத்துவிட்டேன்.

“தேரிட்டு வாரான்னு போட்டிருக்க. நான் என்ன அவிநாசித் தேரா? ஊரே சேந்து வடம் புடிக்கோணுமா? பெரிய ‘ற’ போடோணும்க்கா.”

“தேருன்னாலும் தப்பில்ல கண்ணு. ஆடி ஆடித்தான் வார” என்றேன்.

சிரித்தான். நானும் சிரித்தேன். அப்புறம் கண்ணில் நீர் வந்தது, வெங்காயம் அரிந்துகொண்டிருந்ததாகச் சொன்னேன். வெங்காயமே இல்லை வீட்டில்.

இந்த நோட்டிலும் அன்றைக்குக் காளி சொன்னதை ‘தேருவானுங்க’ என்றுதான் எழுதியிருந்தேன். போய்ப் பெரிய ‘ற’ போட்டேன். இந்த வீட்டில் திருந்த வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

அறுபத்தோராவது நாள். அந்தப் படத்துக்குப் போகலாம்க்கா என்று காளியே கேட்டான். பயமாகத்தான் இருந்தது, போனோம்.

முதல் பாட்டு முடிவதற்குள் என் தோளில் அவன் தலை சாய்ந்தது. குறட்டை. முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்து, “ஏனுங், கொஞ்சம் எழுப்பி உடுங்க” என்றார். “படத்தைப் பாருங்க சாமி, பொடனிக்குப் பின்னால என்ன?” என்றேன். இடைவேளைக்கும் நான் எழுந்திருக்கவில்லை. தோள் மரத்துப்போனது, கால் மரத்துப்போனது, செருப்பைக் கழற்றிவிட்டேன். நான் திரையைப் பார்க்கவில்லை. அந்தப் பையன் கடைசியில் என்ன ஆனான் என்று எனக்கு இன்னும் தெரியாது.

எல்லாரும் போன பிறகு கூட்டுகிறவர்கள் வந்து எழுப்பினார்கள். எழுப்பினது ரெண்டு பேரையும்.

என் இடது கால் செருப்பைப் பாப்கார்னோடு சேர்த்துக் கூட்டி மூட்டை கட்டிவிட்டார்களாம், மூட்டை வண்டியில் போய்விட்டதாம். வலது கால் செருப்போடு மட்டும் வீட்டுக்கு, துடியலூர் வரைக்கும் பஸ்ஸில் வந்தேன்.